மாலைக்கண் முதல் மாத்திரைப் போத்தல் வரை: விற்றமின் ஏ பற்றி நாம் அறிய வேண்டியவை



ஒரு மாரிகாலத்தில் என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். அவருடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் ஐம்பது வயதை அண்டியவர். பல வருடங்களாக இரவு வேலை செய்பவர். மோர்டன் ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து போவார்.

"டொக்டர், பின்னேரம் நாலு மணிக்கே எனக்கு எல்லாம் இருட்டிப் போகுது. கடை வெளிச்சத்தில இருந்து வெளியால வந்தால் நடைபாதையின்ர விளிம்பே தெரியேல்லை. போன கிழமை தடக்கி விழுந்திட்டன்" என்றார்.

மாரியில் லண்டனில் எல்லோருக்கும் நாலு மணிக்கு இருட்டும்தானே என்று பகிடியாகச் சொல்லி, கண்ணாடிக் கடையில் கண்ணைப் பரிசோதிக்கும்படி அனுப்பினேன். கண்ணாடி சரி என்று சொல்லி விட்டார்கள். இரண்டாம் தடவை வந்தபோது நீரிழிவு இருக்குமோ என்று இரத்தம் பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது. இரண்டு தடவையும் மனைவிதான் பக்கத்தில் இருந்து அவருக்காகப் பேசினார்.

மூன்றாம் தடவை அவர் தனியாக வந்தார். இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு துளை போடப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். உடம்பு மெலிந்திருந்தது. மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். எண்ணெய்த்தன்மையாக, தண்ணீரில் மிதக்கும்படி, கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு போகிறது என்றார். குடிப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பதினைந்து வருடமாக வேலை முடிந்து வந்து தினமும் குடிப்பதாகவும், வீட்டில் அளவு தெரியாது என்றும் சொன்னார்.

அவருக்கு இருந்தது நாட்பட்ட கணைய அழற்சி. கணையம் பழுதானால் உணவிலுள்ள கொழுப்புச் சமிக்காது. கொழுப்புச் சமிக்காவிட்டால் கொழுப்பில் கரையும் விற்றமின்களும் உடம்பில் சேராது. இரத்தப் பரிசோதனையில் அவருடைய விற்றமின் ஏ மிகக் குறைவாக இருந்தது. எங்கள் பாட்டிமார் ஒரு பார்வையிலேயே பெயர் சொல்லியிருக்கக்கூடிய மாலைக்கண் நோய்தான் அது. மருத்துவம் படித்த நான் இரண்டு தடவை தவறவிட்டேன். லண்டனில் மாலைக்கண் வராது என்று என் மனதுக்குள் ஒரு எண்ணம் இருந்ததுதான் அதற்குக் காரணம்.

அதனால்தான் இந்த முறை விற்றமின் ஏ பற்றி எழுதுகிறேன். நம் சமூகத்தில் சிலருக்கு இது குறைவாக இருக்கிறது. வேறு சிலர் அளவுக்கு மிஞ்சி விழுங்குகிறார்கள். இரண்டுமே ஆபத்து.

விற்றமின் ஏ உடம்பில் என்ன செய்கிறது?

1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்கொலமும் டேவிஸும் ஒரு பக்கத்திலும், ஒஸ்போர்னும் மென்டலும் இன்னொரு பக்கத்திலும், வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் உள்ள ஏதோ ஒரு பொருள் இல்லாவிட்டால் எலிக்குட்டிகள் வளருவதில்லை என்று கண்டார்கள். அதுதான் பின்னர் விற்றமின் ஏ எனப் பெயர் பெற்றது.

இதற்கு முக்கியமாக மூன்று வேலைகள் உண்டு.

முதலாவது, பார்வை. நமது விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே கோல் கலங்கள் இருக்கின்றன. அவற்றில் ரொடொப்சின் என்ற நிறப்பொருள் உண்டு. வெளிச்சம் பட்டதும் அது பிரியும். மீண்டும் சேருவதற்கு விற்றமின் ஏ வேண்டும். இதை விளக்கிய ஜோர்ஜ் வோல்ட் என்ற விஞ்ஞானிக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. விற்றமின் ஏ குறைந்தால் முதலில் தட்டுப்படுவது இந்த இரவுப் பார்வைதான்.

இரண்டாவது, தோலும் உள்தோலும். கண், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் ஈரமான மெல்லிய படை சரியாக இருப்பதற்கு இந்த விற்றமின் வேண்டும். குறைந்தால் அந்தப் படை வரண்டு தடிக்கும். கண்ணின் வெண்பகுதியில் நுரை போன்ற சாம்பல் நிறத் திட்டு வரும். இன்னும் குறைந்தால் கருவிழிக்கு முன்னாலுள்ள கண்ணாடி போன்ற படலம் மென்மையாகிக் கரைந்துபோகும். அதன் பிறகு பார்வை திரும்பாது.

மூன்றாவது, நோய் எதிர்ப்புச் சக்தி. இது குறைந்த குழந்தைகளுக்குச் சின்னமுத்தும் வயிற்றோட்டமும் வந்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

1995 மாரியில் நான் கண்டது

இந்த மூன்றாவது விடயத்தை நான் புத்தகத்தில் படித்ததற்கும் நேரில் கண்டதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்த இலட்சக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. இதை வாசிக்கும் பலரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். அப்போது நான் யாழ்ப்பாண மருத்துவ பீட மாணவன். தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த சனங்களுக்கு மருந்து கொடுக்க உதவிக்கொண்டிருந்தேன். மருந்து என்று சொல்ல எங்களிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அங்கே நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. பகலில் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடும். பொழுதுபட்டதும் ஒரு மூலையில் இருந்துவிடும். சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்தால் கையால் தடவித்தான் எடுக்கும். இடம்பெயர்ந்த பயம் என்று நாங்கள் நினைத்தோம். பக்கத்தில் இருந்த ஒரு வயோதிப அம்மாதான், "தம்பி, இது பயமில்லை. பிள்ளைக்கு மாலைக்கண்" என்றார். அந்தப் பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு முன்பு சின்னமுத்து வந்து, அதைத் தொடர்ந்து வயிற்றோட்டமும் போயிருந்தது. இடம்பெயர்ந்த நாளிலிருந்து வெறும் சோறும் பருப்பும்தான் சாப்பாடு.

விற்றமின் ஏ குளிசை தேடி இரண்டு நாள் சைக்கிளில் அலைந்தேன். மூன்றாம் நாள் ஓரிடத்தில் கிடைத்தது. அதற்குள் அந்த அம்மா அக்கம்பக்கத்து வேலி முருங்கையில் இலை ஆய்ந்து, கடைந்து, தேங்காய்ப்பால் விட்டு ஊட்டத் தொடங்கியிருந்தார். பிள்ளை தப்பியது. அதன் ஒன்றரை வயதுத் தம்பி தப்பவில்லை. அவனுக்கும் அதே சின்னமுத்துத்தான். அவன் சாவுக்குக் காரணம் வயிற்றோட்டம் என்று கொப்பியில் எழுதினேன். அந்த எழுத்துச் சரிதான். ஆனால் முழுக் காரணமும் அதில் இல்லை என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

கடலுக்கு அந்தப் பக்கம்

எனக்குப் பின்னர் விளங்கியது, பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நிரூபிக்கப்பட்டிருந்தது.

தென்னிந்தியாவில் இந்தக் கண்நோய் பழைய பிரச்சினை. சென்னை அரசாங்கக் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ரைட் என்ற மருத்துவர் 1922ஆம் ஆண்டிலேயே தென்னிந்தியக் குழந்தைகளின் கண் கரைந்துபோவது பற்றிப் பிரித்தானியக் கண் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். 1970களில் மதுரையில் கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி, இப்படிப்பட்ட குழந்தைகளைத் தாய்மாருடன் தங்கவைத்துப் பராமரிக்கும் போஷாக்கு நிலையம் ஒன்றை நடத்தினார். ஊரில் கிடைக்கும் கீரையையும் தானியத்தையும் கொண்டு எப்படிச் சமைப்பது என்று தாய்மாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். 1976இல் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவரும் இவர்தான். இந்தப் பணியில் அவருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருவர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கண்ணின் இரசாயனத்தை ஆராய்ந்த அன்ரோனெற் பிரி என்ற ஆங்கிலேயப் பெண்மணி.

பிறகு வந்ததுதான் முக்கியமான ஆய்வு. மதுரை அரவிந்தைச் சேர்ந்த டொக்டர் லக்ஷ்மி ரஹ்மதுல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொரு கிழமையும் கிராம சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையின் வாயில் சில துளி எண்ணெய் விட்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளின் எண்ணெயில் விற்றமின் ஏ இருந்தது. மற்றப் பகுதியில் இருக்கவில்லை. எது எதில் என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

கிழமைக்குக் கொடுத்த அளவு 8,333 சர்வதேச அலகு, அதாவது 2,500 மைக்கிரோகிராம். நாளொன்றுக்குப் பிரித்துப் பார்த்தால் ஒரு சிறுபிள்ளை சாதாரணமாகச் சாப்பாட்டில் பெற வேண்டிய அளவுக்குக் கிட்டத்தான் வரும். இந்தச் சிறிய அளவிலேயே, விற்றமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 வீதம் குறைந்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களும் நீண்டகாலம் போஷாக்குக் குறைந்தவர்களும்தான் கூடுதலாகப் பயனடைந்தார்கள். 1990இல் உலகப் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் அல்பிரட் சொமர் 1986இல் கண்டு சொன்னதை இது பலப்படுத்தியது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது முறையல்ல. அதே 1990இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து இலட்சம் குழந்தைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்விலும் பயன் மிகச் சிறிதாகவே இருந்தது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த அண்மைக்கால மீளாய்வுகள், குழந்தை இறப்பு சுமார் 12 வீதம் குறைகிறது என்று சொல்கின்றன. எங்கே குறைபாடு அதிகமோ அங்கே பயனும் அதிகம் என்று விளங்கிக்கொள்ளலாம். குறைபாடு இல்லாத பிள்ளைக்கு மேலதிகமாகக் கொடுப்பதால் நன்மை இல்லை. இந்த வசனத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கிலாந்தின் பரிசோதனையும் கரட் கதையும்

விற்றமின் ஏ இல்லாமல் ஒரு ஆரோக்கியமான ஆள் எவ்வளவு காலம் இருக்கலாம்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஷெபீல்ட் நகரில் இதைப் பரிசோதித்தார்கள். போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாத 23 பேர் தாமாக முன்வந்தார்கள். 1942 முதல் அவர்களில் 16 பேருக்கு விற்றமின் ஏ இல்லாத உணவு பல மாதங்களாகக் கொடுக்கப்பட்டது. மூன்று பேருக்கு மாத்திரமே தெளிவான குறைபாடு ஏற்பட்டது.

காரணம், இந்த விற்றமினை நமது ஈரல் சேமித்து வைக்கும். நல்ல ஈரல் உள்ள வளர்ந்த ஒருவருக்குச் சேமிப்பு ஒரு வருடத்துக்கு மேலும் தாங்கும். சிறுபிள்ளைகளின் சேமிப்பு சிறியது. சின்னமுத்து போன்ற காய்ச்சல் வந்தால் அதுவும் வேகமாகத் தீர்ந்துவிடும். குடியால் ஈரலும் கணையமும் பழுதானவருக்கோ வரவும் குறைவு, சேமிப்பும் குறைவு. என்னிடம் வந்தவருக்கு நடந்தது இதுதான்.

அதே போர்க்காலத்தில் பிறந்ததுதான் கரட் சாப்பிட்டால் இருட்டிலும் கண் தெரியும் என்ற கதை. ஆங்கிலேய விமானிகள் இரவில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்துவதற்குக் கரட்தான் காரணம் என்று பரப்பினார்கள். உண்மையில் விமானத்தில் ரேடார் இருந்தது. நமது ஊரிலும் பொன்னாங்காணி சாப்பிட்டால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்பார்கள். இரண்டு கதையிலும் பாதி உண்மை இருக்கிறது. குறைபாடு உள்ளவருக்குக் கரட்டும் கீரையும் பார்வையைத் திருப்பித் தரும். குறைபாடு இல்லாதவருக்கு எத்தனை கட்டு சாப்பிட்டாலும் கண்ணாடி கழராது.

எந்த உணவில் இருக்கிறது?

இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. விலங்குணவில் நேரடியாக விற்றமின் ஏ ஆகவே இருக்கிறது: ஈரல், மீன் எண்ணெய், முட்டை மஞ்சட்கரு, முழுப்பால், வெண்ணெய், சீஸ். தாவர உணவில் கரோட்டின் என்ற வடிவில் இருக்கிறது. உடம்பு தனக்கு வேண்டிய அளவை மட்டும் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். உணவிலிருந்து 6 முதல் 12 மைக்கிரோகிராம் பீற்றா கரோட்டின் வந்தால் அதை 1 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ என்று கணக்கிடுவார்கள்.

இந்த நாட்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 700 மைக்கிரோகிராமும், பெண்ணுக்கு 600 மைக்கிரோகிராமும் போதும். ஒரு நடுத்தரக் கரட் இதில் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

ரூட்டிங்கிலும் மிச்சத்திலும் மோர்டனிலும் உள்ள நம்மவர் கடைகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, முளைக்கீரை, பூசணிக்காய், மாம்பழம், பப்பாப்பழம் எல்லாம் நல்லவை. இங்கத்தைய சுப்பர் மார்க்கட்டில் ஸ்பினச், கேல், கரட், செம்மஞ்சள் நிற வற்றாளங்கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய் ஆகியவை வாங்கலாம். வெள்ளை வற்றாளங்கிழங்கில் கரோட்டின் மிகக் குறைவு. ஊரில் பனங்காய்ப் பணியாரத்துக்குப் பிழிந்த பனங்களியின் மஞ்சள் நிறமும் இந்தக் கரோட்டின் குடும்பத்தால் வந்ததுதான்.

சமைக்கும் முறையில் இரண்டு விடயம் கவனியுங்கள்.

1. கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கீரைக் கடையலுக்குத் தேங்காய்ப்பால் விடுவதும், முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூப் போடுவதும் வெறும் ருசிக்கு மட்டுமல்ல. கொலஸ்ரரோல் பயத்தில் சிலர் எண்ணெயையும் தேங்காயையும் அடியோடு விட்டுவிட்டுத் தண்ணீரில் அவித்த கீரையைச் சாப்பிடுகிறார்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்ப்பதால் கேடில்லை.

2. கரட்டையும் கீரையையும் அளவாக வேகவைப்பது நல்லது. பச்சையாகச் சாப்பிடுவதைவிட அதில் கரோட்டின் இலகுவாகச் சேரும். மூடி போட்டுக் குறைந்த நேரம் சமையுங்கள். கறுக்க வறுத்தால் வீண்.

குழந்தைகளுக்கு

இந்த நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் நாளாந்தம் விற்றமின் ஏ, சி, டி அடங்கிய துளிகள் கொடுக்கும்படி என்.எச்.எஸ். சொல்கிறது. நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் போத்தல் மாப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இது வேண்டாம். அந்தப் பாலில் ஏற்கனவே சேர்த்திருக்கிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஹெல்தி ஸ்ராட் திட்டத்தின்கீழ் துளிகள் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஹெல்த் விசிற்றரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் பிள்ளைக்கு உதவித் திட்டத்துப் பால்தான் வாங்கினேன்.

இரண்டு வயது வரை முழுப்பாலே கொடுங்கள். கொழுப்பு நீக்கிய பாலை ஐந்து வயதுக்கு முன் பிரதான பானமாகக் கொடுக்க வேண்டாம்.

கரட் கூழ் அதிகம் சாப்பிட்ட குழந்தையின் உள்ளங்கையும் மூக்கும் மஞ்சளாகும். செங்கமாரி என்று பயந்து ஓடி வருவார்கள். கண்ணின் வெண்பகுதி வெள்ளையாகவே இருந்தால் அது கரட் நிறம்தான். கரட்டைக் குறைக்கத் தானாகப் போய்விடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் உடனே வாருங்கள்.

இனி, நம் சமூகத்தில் பலர் வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு விடயம். சில பிள்ளைகள், குறிப்பாக ஓட்டிசம் உள்ள பிள்ளைகள், மூன்று நான்கு உணவுகளைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார்கள். வெள்ளைச் சோறு, சிப்ஸ், பிஸ்கற் இவ்வளவுதான். பிள்ளை நிறையோடு இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ குறைந்து கண் பழுதான சம்பவங்கள் பணக்கார நாடுகளின் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று உறவினர் சொல்வார்களே என்று மறைக்காதீர்கள். உங்கள் ஜீ.பி.யிடம் பிள்ளை உண்மையில் சாப்பிடும் பட்டியலை எழுதிக்கொண்டு வாருங்கள். உணவு நிபுணரிடம் அனுப்பலாம்.

அளவுக்கு மிஞ்சினால்

போன வருடம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவருடைய மாமியும் வந்தார்கள். மருமகளுக்கு இரத்தம் குறைவு என்று மாமி கிழமைக்கு மூன்று நாள் ஆட்டு ஈரல் பிரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதோடு யாரோ சொல்லிக் கொட் ஈரல் எண்ணெய்க் குளிசையும்.

"தம்பி, ஈரல் சாப்பிட்டாத்தானே இரத்தம் ஊறும்? எங்கட காலத்தில நாங்கள் சாப்பிடேல்லையே?" என்று என்னிடமே கேட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஈரலில் இரும்புச்சத்து நிறைய உண்டு. ஆனால் 100 கிராம் ஈரலில் பல ஆயிரம் மைக்கிரோகிராம் விற்றமின் ஏ இருக்கிறது. அதாவது ஒரு நாளுக்கு வேண்டியதைப்போல் பல மடங்கு. மிகையான விற்றமின் ஏ கருவில் உறுப்புகள் உருவாவதைப் பாதிக்கலாம். அதனால் கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க முயல்பவர்களும் ஈரல், ஈரல் பேற்றே, கொட் ஈரல் எண்ணெய், விற்றமின் ஏ கலந்த குளிசைகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்த நாட்டு அறிவுரை. தெரியாமல் ஒரு தடவை சாப்பிட்டவர்கள் பதற வேண்டாம். மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள், இனிமேல் தவிர்த்தால் சரி.

"அம்மா, இரத்தத்துக்கு நான் இரும்புக் குளிசை தாறன். நீங்கள் முருங்கையிலையும் பருப்பும் மீனும் சமைச்சுக் குடுங்கோ" என்றேன். கீரையிலுள்ள கரோட்டினால் கருவுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் முழு மனதோடு ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஈரல் நின்றது. பிள்ளை சுகமாகப் பிறந்தது.

மற்றவர்களும் கவனிக்க வேண்டியவை:

நாளொன்றுக்குச் சராசரியாக 1,500 மைக்கிரோகிராமுக்கு மேல் பல வருடம் எடுத்தால் முதுமையில் எலும்பு முறியும் வாய்ப்புக் கூடலாம். மாதவிடாய் நின்ற பெண்களும் வயோதிபரும் இதில் கவனம். கிழமைக்கு ஒரு தடவை ஈரல் சாப்பிடுபவருக்கு விற்றமின் ஏ குளிசை தேவையில்லை.

பல்விற்றமின் குளிசையும் கொட் ஈரல் எண்ணெயும் ஒன்றாக எடுப்பவர்கள் இரண்டு போத்தலின் சீட்டையும் வாசித்துக் கூட்டிப் பாருங்கள். கனடாவிலிருந்து மாமா கொண்டு வந்த போத்தலில் சர்வதேச அலகில் எழுதியிருக்கலாம். 3,333 அலகு என்றால் 1,000 மைக்கிரோகிராம்.

புகைப்பவர்கள் பீற்றா கரோட்டின் குளிசை எடுக்கக் கூடாது. பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியது. கரட் சாப்பிடலாம், குளிசைதான் கூடாது.

கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெற்றினோயின் என்ற மருந்து விற்றமின் ஏ வழி வந்தது. கர்ப்பத்தில் மிக ஆபத்தானது. இளம் பெண்கள் இன்னொருவரின் குளிசையை வாங்கிப் போடவே கூடாது.

சின்னமுத்துக்கு விற்றமின் ஏ மாற்று மருந்தல்ல. 2025இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சின்னமுத்துப் பரவியபோது, சில பெற்றோர் விற்றமின் ஏயை அளவில்லாமல் கொடுத்ததால், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில பிள்ளைகளின் ஈரல் பாதிக்கப்பட்டிருந்தது. சின்னமுத்து வந்த பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். அது வராமல் தடுப்பது தடுப்பூசிதான். இங்கிலாந்திலும் 2023, 2024இல் சின்னமுத்து மீண்டும் பரவியது. உங்கள் பிள்ளைக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்றா என்று சிவப்புப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதில் போன அந்தப் பையனை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறைந்தால், கண் எப்போதும் வரண்டு உறுத்தினால், எண்ணெய்த்தன்மையான மலமும் உடம்பு மெலிவும் இருந்தால், உடற்பருமன் குறைக்கும் சத்திர சிகிச்சை செய்திருந்தால், நாட்பட்ட ஈரல், கணைய, குடல் நோய் இருந்தால் ஜீ.பி.யிடம் சொல்லுங்கள். இரவுப் பார்வைக் குறைவுக்கு வேறு காரணங்களும் உண்டு: கண்புரை, நீரிழிவு, பரம்பரை விழித்திரை நோய். ஆகவே நீங்களாகக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இரவில் கண் தெரியாதவர்கள் வாகனம் ஓட்டக்கூடாது, டி.வி.எல்.ஏ.க்கு அறிவிப்பதும் சட்டப்படி கடமை.

இன்னொன்று. மனைவியோ மகளோ மொழிபெயர்க்க வரும்போது சொல்ல முடியாத விடயம் இருந்தால், தனியாக வர விரும்புவதாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரும் இலவசமாக ஒழுங்கு செய்யலாம். நீங்கள் சொல்வது பொதுவாக எங்கள் அறையை விட்டு வெளியே போகாது. அன்று அவர் தனியாக வந்திராவிட்டால் நான் மூன்றாம் தடவையும் தவறவிட்டிருப்பேன்.

அவருக்குக் கணையச் சாற்றுக் குளிசைகளும், நிபுணரின் கண்காணிப்பில் விற்றமின் ஏயும் கொடுக்கப்பட்டன. குடியை விடுவதற்கு உதவி தேடினார். இரண்டு தடவை வழுக்கினார், மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டார். இலைதுளிர் காலத்தில் வந்தபோது, "டொக்டர், இப்ப ரயிலால இறங்கி வீட்டுக் கதவு மட்டும் நேர நடக்கிறன்" என்றார். மனைவியும் கூட வந்திருந்தார். இந்த முறை அவரே பேசினார்.

இது பொதுவான தகவலுக்காக எழுதப்பட்டது. உங்கள் நோய்க்குரிய ஆலோசனையை உங்கள் வைத்தியரிடமே பெறுங்கள்.